நியூசிலாந்து தென் தீவில் கார் பயணம்: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும்

தம்பி, உங்கள் பயணத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். ஆக்லாந்துக்கு வந்து நாலு மாதம், கையில் ஒன்பது நாள் விடுப்பு, மனைவி, நாலு வயது மகள், வாடகைக் கார். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெகாப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்ட், வானகா, இரண்டு பனியாறு, பான்கேக் பாறைகள், ஆர்தர்ஸ் பாஸ் வழியாக மறுபடியும் கிறைஸ்ட்சர்ச். எழுதியிருக்கும் இடம் ஒவ்வொன்றும் அருமையான இடம். ஆனால் இத்தனையையும் ஒன்பது நாளில் அடைத்தால், உங்கள் மகளுக்குக் கார் இருக்கை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்த முதல் வருடம் நாங்களும் இப்படித்தான் ஏழு நாளில் தீவைச் சுற்றினோம். புகாக்கி ஏரிக்கரைக்கு வந்தபோது பொழுது சாய்கிற நேரம். ஏரி முழுக்க ஒரு நீலம், அதன் கோடியில் மவுண்ட் குக் இளஞ்சிவப்பாக நிற்கிறது. மனைவி "ஐந்து நிமிடம் நிறுத்துங்களேன்" என்றாள். அடுத்த ஊர் மோட்டலில் எட்டு மணிக்குள் சாவி வாங்க வேண்டும் என்று நான் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு பலமுறை அங்கே போயிருக்கிறோம், அந்த மாதிரி ஒரு மாலை இன்னும் வாய்க்கவில்லை. அதனால் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், முடிந்தவரை ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள்.

கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தை இங்கே அப்படியே நம்ப முடியாது. நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். வேக வரம்பு 100 என்று இருக்கும், ஆனால் வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் 35, 45, 65 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு மரியாதை கொடுங்கள், காரணம் இல்லாமல் வைக்கவில்லை. குழந்தைக்குக் கழிப்பறை, டீ, நாமாகவே "இங்கே கொஞ்சம் நிற்கலாம்" என்பது எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரப் பாதைக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

உங்கள் எட்டு இரவுகளை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். டெகாப்போவில் இரண்டு, மவுண்ட் குக் பக்கம் இரண்டு, வானகாவில் ஒன்று, மில்ஃபோர்டுக்குப் போகும் வழியில் உள்ள தே அனாவில் மூன்று. கடைசி நாள் காலையில் தே அனாவிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம் ஓட்டி, குயின்ஸ்டவுன் விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஆக்லாந்துக்குப் பறந்துவிடுங்கள். வேறு ஊரில் காரை விட்டால் தனிக் கட்டணம் கேட்கலாம். கேட்டாலும் கொடுங்கள், ஒரு முழு நாள் மிச்சம். வானகாவில் ஒரே இரவு என்பது எனக்கே மனசில்லாமல்தான் எழுதுகிறேன், ஆனால் மில்ஃபோர்டுக்கு மூன்று இரவு தேவை. ஏன் என்று கீழே சொல்கிறேன். மேற்குக் கரையை, அதாவது பனியாறுகள், ஹோக்கிடிகா, பான்கேக் பாறைகளை, இந்தத் தடவை விட்டுவிடுங்கள். நீங்கள் இந்த நாட்டிலேயே குடியிருக்கப் போகிறவர். அதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் கடைசி வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து ஜனவரி முடியும்வரை இந்த நாடே விடுமுறையில் இருக்கும், அறை கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறியிருக்கும். உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து ஆகவில்லை. இங்கே பிள்ளைகள் ஐந்தாவது பிறந்தநாளை ஒட்டிப் பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். பள்ளி நாள்காட்டிக்குக் கட்டுப்படாத கடைசி வருடம் இது. பிப்ரவரி கடைசி வாரம் அல்லது மார்ச்சில் போங்கள். வெயில் இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். படங்களில் பார்க்கிற ஊதா லூப்பின் பூக்கள் அப்போது இருக்காது, அவை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரைதான். அதற்காக வருந்த வேண்டாம். அது வெளியிலிருந்து வந்த செடி. ஜடை பிரித்தது போலக் கிளைகிளையாக ஓடும் இங்கத்து ஆறுகளின் கூழாங்கல் திட்டுகளில் படர்ந்து, அங்கே கூடு கட்டும் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்கிறது.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ சுமார் 230 கிலோமீட்டர். வழியில் ரகாயா ஆற்றைக் கடப்பீர்கள். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம்தான் இந்த நாட்டிலேயே நீளமானது, நான் சொன்ன ஜடை ஆறு எப்படி இருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். டெகாப்போவில் பகலில் ஏரிக்கரைக் கல் தேவாலயத்தைப் பாருங்கள், 1935இல் கட்டியது. ஆனால் அங்கே இரண்டு இரவு தங்கச் சொல்வது வானத்துக்காக. அந்த வட்டாரத்தை 2012இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள், தெருவிளக்குகூட வெளிச்சம் மேலே போகாதபடி மூடியிருக்கும். அமாவாசையை ஒட்டித் தேதி அமைந்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் மேகமாக இருந்தாலும் மறுநாள் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ஊரில் நாம் பார்த்த ஓரியன் விண்மீன் கூட்டம் இங்கே வடக்குப் பக்கம் தலைகீழாக நிற்கும், நம் திருவாதிரை நட்சத்திரம் அதன் கீழ்ப்பக்கம் சிவப்பாகத் தெரியும்.

அடுத்து புகாக்கி. அந்த நீல நிறம் எங்கிருந்து வருகிறது என்று மகள் கண்டிப்பாகக் கேட்பாள். பனியாறு நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவு தண்ணீரில் அடங்காமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. மவுண்ட் குக் ஊரில் அறை விலை அதிகமென்றால் ட்வைசலில் தங்கலாம், முக்கால் மணி நேரத் தூரம்தான். சூப்பர் மார்க்கெட்டும் அங்கேதான், மலையடிவார ஊரில் கிடையாது. டாஸ்மன் பனியாற்றைப் பார்க்க முந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும், நாலு வயதுப் பிள்ளை நின்று நின்று ஏறிவிடும். மேலே போனால் சாம்பல் நிற ஏரியில் பனிக்கட்டிகள் மிதக்கும். ஐம்பது வருடத்துக்கு முன் அந்த ஏரியே கிடையாது, அவ்வளவும் பனியாறாக இருந்த இடம்.

இப்போது மில்ஃபோர்ட். நிறையப் பேர் குயின்ஸ்டவுனில் தங்கி ஒரே நாளில் போய்வருகிறார்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் இரண்டு மணி நேரப் படகு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தே அனாவிலிருந்து மில்ஃபோர்டு சுமார் 120 கிலோமீட்டர், அந்தச் சாலைதான் பாதிப் பயணம். எக்லின்டன் பள்ளத்தாக்கில் பொன்னிறப் புல்வெளி, இரண்டு பக்கமும் செங்குத்து மலை. காற்றில்லாத காலையில் மிரர் ஏரிகளில் மலை அப்படியே தலைகீழாக விழும். மேலே ஹோமர் சுரங்கம், 1954இல் திறந்தது, ஒன்றேகால் கிலோமீட்டர். கரடுமுரடான பாறைச் சுவர், உள்ளே சரிவாக இறங்கும். அந்த வாசலில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கீயா என்ற பச்சைக் கிளி வரும். மலையுச்சியில் வாழும் கிளி உலகத்திலேயே இது ஒன்றுதான். கார்க் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பிய்க்கும், மகளுக்கு ஒரே கொண்டாட்டமாக இருக்கும். முறுக்கோ பிஸ்கட்டோ போட்டுவிடாதீர்கள். மனிதர் தீனிக்குப் பழகிய கீயாக்கள் சாலையில் அடிபட்டுச் சாகின்றன, அழிந்துகொண்டிருக்கும் இனம் அது.

மூன்று இரவு ஏன் என்றால் மழைக்காக. மில்ஃபோர்டில் வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையைப் போல நாலு மடங்குக்கு மேல். கனமழையில் சாலையை மூடிவிடுவார்கள். ஒரே நாளை நம்பிப் போனவர்கள் தே அனாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு முழு நாள் கையில் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சாதாரண மழைக்குப் பயப்படவே வேண்டாம். வெயில் நாளில் இரண்டு மூன்று அருவிதான் தெரியும், மழை நாளில் மலை முழுக்க நூற்றுக்கணக்கில் அருவி இறங்கும். எங்களுக்கு அமைந்த மூன்று முறையில் மழை நாள்தான் நெஞ்சில் நிற்கிறது. குயின்ஸ்டவுன் பேருந்துகள் நண்பகலில் வந்து குவியும், அதனால் காலை முதல் படகைப் பிடியுங்கள். தே அனாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பாதி வழிக்குமேல் கைபேசி சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மணல் ஈ கடிக்கும், மகளுக்குக் கால் மூடிய உடுப்பு போடுங்கள்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி. இங்கும் இடது பக்கம் என்பதால் நமக்குச் சுலபம். புதிதாக இருப்பது ஒருவழிப் பாலங்கள். பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகையில் மேல்நோக்கிய சின்னச் சிவப்பு அம்பு இருந்தால், அந்த அம்புதான் நீங்கள்; நின்று எதிரில் வருபவருக்கு வழி விட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு மேல்நோக்கி இருந்தால் முதலில் போகும் உரிமை உங்களுடையது. அப்போதும் எதிரில் வருபவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள்.

அப்புறம், மெதுவாகப் போவது உங்கள் உரிமை, ஆனால் பின்னால் ஐந்து கார்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது உரிமை இல்லை. அந்தச் சாலையில் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு வண்டி தெரிந்தால் இடது பக்கம் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள், கையசைத்து நன்றி சொல்லிப் போவார்கள். படம் எடுக்கச் சாலையிலேயே நிறுத்தாதீர்கள். உரிமத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். ஏழு வயது முடியும்வரை குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், காரோடு சேர்த்தே அதையும் பதிவு செய்யுங்கள். விபத்தானால் காப்பீடு போக உங்கள் கைப்பங்கு எவ்வளவு, ஜல்லிச் சாலைக்கு அது செல்லுமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். எனக்கு ஒரு தடவை முன் கண்ணாடியில் சின்னக் கல் தெறித்து விரிசல் விட்டது, கண்ணாடி அந்தக் காப்பீட்டில் சேராது என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சமையலறை உள்ள மோட்டல் எடுங்கள், அல்லது ஹாலிடே பார்க். அங்கே பொதுச் சமையலறையில் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். சின்ன ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள், தயிர் எல்லா ஊரிலும் கிடைக்கும். மதியத்துக்குக் காலையிலேயே புளிசாதம் கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டால், பசித்த இடத்தில் ஏரியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். வானகாவிலிருந்து தே அனாவுக்குப் போகும்போது கிரௌன் ரேஞ்ச் மலைப்பாதையை விட்டுக் குரோம்வெல் வழியாகப் போனால் சாலையோரப் பழக்கடைகள் வரும்.

மறுநாள் சேர்த்தது: மதுரையிலிருந்து வரப்போகும் அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. அவர்களுக்காகச் சில மாற்றங்கள். டாஸ்மன் படிக்கட்டை விட்டுவிட்டு ஏரிக்கரை நடைகளை வைத்துக்கொள்ளுங்கள், தே அனாவில் கரையோரமாகச் சமதளப் பாதை இருக்கிறது. பயணக் காப்பீடு இல்லாமல் அவர்களை வரவழைக்காதீர்கள். இங்கே விபத்தில் காயம்பட்டால் வருகையாளருக்கும் அரசின் ஏசிசி திட்டம் சிகிச்சைக்கு உதவும், ஆனால் நெஞ்சுவலி, சர்க்கரை மாதிரி நோய்க்கு அது கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவரும் பொடி, வடகம், மருந்து எல்லாவற்றையும் நாட்டுக்குள் வரும்போது கொடுக்கும் அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

அப்பாவுக்கு முன் சீட்டைக் கொடுங்கள். மவுண்ட் குக்கிலிருந்து வானகா போகும் வழியில் லிண்டிஸ் பாஸ் வரும், 971 மீட்டர் உயரம், ஒரு மரம் இல்லாமல் கண்ணுக்கெட்டியவரை பழுப்புப் புல் போர்த்திய மலைகள். உச்சியில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. என் அப்பா வந்திருந்தபோது அங்கே இறங்கியவர் அரை மணி நேரம் காருக்குத் திரும்பவில்லை. வானம் பார்த்த பூமியில் விவசாயம் பார்த்தவர், புல்லைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே காற்று குளிராக அடிக்கும், அம்மாவுக்குச் சால்வையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.