முழு இரை போட்டால் ஃபெரட்டின் ஓமோன் சரியாகுமா?

முறிகண்டிப் பொடியன்:
ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி, ஃபெரட், வளர்க்கிறா. அதற்கு வாலில் தொடங்கி முதுகுவரை மயிர் கொட்டிவிட்டது. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்கியிருக்கிறதாம். பெட்டித் தீவனத்தை நிறுத்தி எலியையும் கோழிக்குஞ்சையும் முழுசாகப் போடச் சொல்லிவிட்டேன். எங்கட வயலில் திரியும் கீரிக்கு யார் தீவனம் போட்டது? அதற்கு மயிர் கொட்டுகிறதா?

புளியங்குளம் அக்கா:
தம்பி, கீரிக்கு யாரும் கருத்தடை செய்யவில்லையே! அங்கே கடையில் விற்கும் குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஆறு கிழமையிலேயே ஒப்பரேசன் முடிந்துவிடும். விதையோ சூலகமோ இருந்தால் அதன் ஓமோன் மூளையைக் கட்டுப்படுத்தும். அது இல்லாததால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விதையையும் சூலகத்தையும் தூண்டும் எல்.எச். ஓமோனை விடாமல் சுரக்க, அட்ரீனல் தூண்டப்பட்டுப் பாலியல் ஓமோன்களைத் தானே சுரக்கத் தொடங்குகிறது. எலி தின்றால் விதை திரும்ப முளைக்குமா?

முறிகண்டிப் பொடியன்:
அப்ப ஒப்பரேசனே வேண்டாம் என்கிறீர்களா?

புளியங்குளம் அக்கா:
அதுவும் இல்லை. பெண் ஃபெரட் இணை சேராவிட்டால் பருவம் அடங்காது. ஈஸ்ட்ரோஜன் ஏறியபடியே இருந்து எலும்பு மச்சையைக் கெடுத்து, இரத்தசோகையில் செத்துப்போகும். அதற்குத்தான் ஒப்பரேசனுக்குப் பதிலாக டெஸ்லோரெலின் இம்பிளான்ட் இருக்கிறது, தோலுக்கடியில் வைத்து இந்த ஓமோன்களை அடக்கும் மருந்து. வீட்டுக்குள் இரவிரவாக லைற் எரிவதும் இந்த ஓமோன்களைக் கிளப்பிவிடும்.

பரந்தன் கோழிக்கடை:
சாப்பாட்டில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்லாதீங்கோ, தங்கச்சி. தைரொயிட் சுரப்பி ஒட்டிய தொண்டை இறைச்சியை நாளாந்தம் தின்ற நாய்களுக்கு இரத்தத்தில் அந்தச் சுரப்பியின் ஓமோனான தைரொக்சின் ஏறியிருக்கிறது. அந்த ஓமோன் வயிற்றில் செரிந்து அழியாது. என் கடையில் கழுத்துக் கழிவை நாய்க்கென்று பையோடு அள்ளிப்போகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன், கேட்டால்தானே! முழுக் குஞ்சு என்றால் அதன் உடம்பளவுக்குத்தான் சுரப்பி இருக்கும். கழுத்தாகவே போட்டால் கணக்குத் தப்பும்.

முறிகண்டிப் பொடியன்:
பார்த்தீர்களா, முழு இரைதான் சரி! பெட்டித் தீவன மாவுச்சத்தால் கணையத்தில் கட்டி வருகிறதாமே?

புளியங்குளம் அக்கா:
பலருக்கு அந்தச் சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. அதோடு கணையம் வேறு, அட்ரீனல் வேறு. ஃபெரட் முழுக்க ஊனுண்ணி, குஞ்சு போடட்டும். அதை மருந்து என்று சொல்லாதே. சரி, அது ஆணா? மூத்திரம் போக முக்குகிறதா? இந்த நோயில் மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புரஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துவிடும். அப்படியென்றால் குஞ்சு வாங்கப் போகாமல் இப்பவே வைத்தியரிடம் ஓடச் சொல்லு.