மறு: ‘டெய்ன்டி’க்குத் தமிழ் – கையேடு அவசரம்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். கொட்டான், அதாவது செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலப் பிரதியில் குட்டிக் கொட்டான்களை ‘டெய்ன்டி’ (dainty: சிறிதாய், நுட்பமாய், அழகாய் இருப்பது) என்று எழுதியிருக்கிறார்கள். பனங்குருத்தை மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி முடைந்து, மேலே குரோஷா (கொக்கி ஊசியால் பின்னும் நூல் பின்னல்) உறை போட்டவை. ‘அழகிய’ போதவில்லை. ‘மென்மையான’ என்றால் தொட்டுப் பார்க்கிறவர் சிரிப்பார், ஓலை விறைப்பாக இருக்கும். ஒரு சொல் கொடுங்கள்.

மதுரையிலிருந்து:
இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்? உரியியலில் ‘நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை’ என்கிறார் தொல்காப்பியர். நொசிவெழில் என்று ஆளுங்கள். ‘சாயல் மென்மை’ என்றும் நூற்பா உண்டு; ஆனால் சாயல் இன்று அப்பன் முகச்சாயல், மகன் முகச்சாயல் என்று போய்விட்டது.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே, நொசிவெழில் என்று போட்டால் நசுங்கிப்போன கொட்டான் என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நளினம் போதாதா?

மதுரை:
நளினம் வடமொழி, தாமரை என்று பொருள். அதை விடுங்கள், நளினம் நடைக்கும் பேச்சுக்கும் வரும். கொட்டான் நடக்குமா?

சென்னையிலிருந்து:
ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, மூலம் லத்தீன் ‘டிக்னிதாஸ்’, அதாவது தகுதி, மாண்பு. குறள் 407இல் ‘நுண்மாண் நுழைபுலம்’ இருக்கிறது. நுண்மை, மாண்பு இரண்டும் ஒரே இடத்தில்! ஆகவே நுண்மாண்பு.

மதுரை:
ஐயா, அதே குறளின் அடுத்த அடியையும் படியுங்கள். நுழைபுலம், அதாவது கூர்ந்த அறிவு, இல்லாதவன் அழகு ‘மண்மாண் புனைபாவை’ என்கிறார். மண்பொம்மை என்று திட்டுகிற குறளையா கொட்டானுக்குச் சூட்டுவது?

கானாடுகாத்தானிலிருந்து, ஆச்சி ஒருவர்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இதற்கு நறுவிசு என்போம். ‘எவ்வளவு நறுவிசாப் பின்னியிருக்கா’ என்றால் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம், அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ருசியான பண்டம் என்றும் பொருள் உண்டே, அதை யாரும் தொடவில்லை. வெள்ளைப் பணியாரம் அதுதான். பச்சரிசியை டம்ளரில் தலை தட்டி நிரப்பி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அளவு சரி. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி வர வேண்டும். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும்.

தேவகோட்டை:
ஆச்சி சொன்னதே சரி. கேட்டதும் புரிகிறது.

மதுரை:
புரிவது மட்டும் போதுமா? நறுவிசு செய்கிற கையைச் சொல்கிறது, பொருளின் தோற்றத்தை அல்ல. கண்டாங்கிச் சேலையைக்கூட நறுவிசாக நெய்யலாம். அந்தப் பட்டைக்கரையையும் பெரிய கட்டத்தையும் யாராவது ‘டெய்ன்டி’ என்பார்களா? நுண்ணெழில் என்றாவது போடுங்கள்.

சென்னை:
நுண்ணெழில் என்றால் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்பார்கள். நான் இன்னும் நுண்மாண்புதான்.

காரைக்குடி:
நேரமாகிவிட்டது. ‘நறுவிசான சிறு கொட்டான்கள்’ என்று அனுப்பிவிட்டேன். தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். எல்லோருக்கும் நன்றி.

மதுரை:
சரி. ஆனால் கண்டாங்கிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.