ஆர்சனலுக்கு யோக்கரெஸா ஷெஷ்கோவா, இல்லாட்டி ஸ்ட்ரைக்கரே வேணாமா?

கல்லடி_கன்னர்:
மச்சான்மாரே 2025 ஜூனும் முடியப் போகுது, ஆள் வாங்கி விக்கிற விண்டோ செப்டம்பர் 1 வரைக்கும் திறந்து கிடக்கு, காலம்புற எழும்பினா முதல் வேலையா ஃபோனத்தான் பாக்கிறன் ஸ்ட்ரைக்கர் யாரையும் எடுத்திட்டாங்களா எண்டு. முடிஞ்ச பிரிமியர் லீக் சீசன ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. நாம தோத்தது 4 மெச், கப் தூக்கின லிவர்பூலும் தோத்தது அதே 4 மெச்தான். டிரோவுலதான் எல்லாம் போனது, எங்களுக்கு 14 அவங்களுக்கு 9, அதாலதான் 74 புள்ளிக்கும் 84 புள்ளிக்கும் அவ்வளவு இடைவெளி. போன சீசனுக்கு முந்தினதுல 91 கோல் அடிச்ச டீம் இந்தமுற 69 கோல். டொப் ஸ்கோரர் ஹவெர்ட்ஸ், 9 கோல். ஜேசுஸ் ஜனவரில முழங்கால் போய் விழுந்தான், பெப்ரவரில டுபாய் கேம்ப்ல ஹவெர்ட்ஸும் விழுந்தான், மறுகா மிட்ஃபீல்டர் மெரினோவ முன்னுக்கு விட்டு சீசன ஓட்டினம்.

எனக்கு யோக்கரெஸ்தான் வேணும். போர்த்துக்கல் டீம் ஸ்போர்ட்டிங்குக்கு முடிஞ்ச சீசன் லீக்ல மட்டும் 39 கோல், எல்லாம் சேத்து 54. லீக்கும் கப்பும் ரெண்டும் எடுத்துக் குடுத்திட்டான். மூணு வருஷமா ரெண்டாம் இடத்துல நிக்கிற டீமுக்கு இன்னும் வளத்து எடுக்கிற ஆள் தேவையில்ல, வந்த அண்டைக்கே அடிக்கிற ஆள் தேவை. மத்தாக்கள் சொல்லுங்க.

களுவாஞ்சி_ரசிகை:
அண்ணன் 39 கோல் எண்டு சொல்லக்க அது எந்த லீக்ல எண்டும் சேத்து சொல்லுங்களன். போர்த்துக்கல் லீக்ல பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங், கொஞ்சம் பிராகா, மத்த டீமெல்லாம் எந்த நிலமையில ஆடுது? அதே ஸ்போர்ட்டிங்ல பாஸ் டோஸ்ட் 2016-17ல 34 கோல் அடிச்சான், அவன எந்தப் பெரிய டீமும் தூக்கிட்டுப் போகல்ல. அதுக்கும் முந்தி ஜார்டெல் 2001-02ல 42 கோல் அடிச்சிட்டு மறுகா போல்டனுக்கு வந்து பிரிமியர் லீக்ல ஒரு கோலும் அடிக்கல்ல. யோக்கரெஸ்ட கோல்ல பெனால்டியும் கொஞ்சமில்ல.

நான் ஜெர்மனி லைப்சிக் டீம்ட ஷெஷ்கோ பக்கம். 22 வயசு, 195 சென்டிமீட்டர் உயரம், அந்த உயரத்துக்கு அவன் ஓடுற வேகத்த பாத்தீங்களா? இப்ப எடுத்தா எட்டு ஒம்பது வருஷம் எங்கட டீம்ல நிப்பான். யோக்கரெஸுக்கு இந்த மாசம் 27 முடிஞ்சிட்டு, மூணு வருஷத்துல திரும்பவும் இதே கதைதான் கதைச்சிட்டு இருப்பம், அப்ப விக்கப் போனாலும் காசும் வராது.

கல்லடி_கன்னர்:
தங்கச்சி பெனால்டிய முழுசா கழிச்சாலும் 25க்கு மேல நிக்கும். ஷெஷ்கோ புண்டஸ்லீகால போன சீசன் 13 கோல். பதிமூணு! அதுவும் அந்த லைப்சிக் டீம் ஏழாம் இடத்துல முடிச்சு ஐரோப்பாவுக்கே போகாம நிக்குது. அவன் அவ்வளவு பெரிய ஆளெண்டா டீமக் கொஞ்சமாவது மேல இழுத்திருக்கணும். இன்னொண்டு, போன வருஷம் இதே ஜூன்ல நாம அவனக் கேக்கிற எண்டு ஊரெல்லாம் கதை, அவன் லைப்சிக்லயே புது ஒப்பந்தம் போட்டுட்டு இருந்திட்டான்.

களுவாஞ்சி_ரசிகை:
அது அவன் எடுத்த நல்ல முடிவு, 21 வயசுல பெஞ்சுல இருக்க வராம மெச் ஆடப் போனான். அத ஏன் குறையா சொல்றீங்க? ஹென்றி 1999ல யுவெண்டஸ்ல இருந்து வரக்க 21 வயசு, அங்க விங்ல நிண்டு ஒண்டும் பெருசா செய்யாத பொடியன், இங்கயும் ஆரம்பத்துல கோல் வராம கஷ்டப்பட்டவன். வான் பெர்சி வந்தது 20 வயசுல. எங்கட கிளப் சின்ன வயசுல எடுத்து வளத்த ஆக்கள்தான் எங்களுக்கு பேர் வாங்கித் தந்தது.

வெபர்_கலரி:
பிள்ள சொல்றது பாதி சரி. மத்தப் பாதிய நான் சொல்றன், நான் உங்களுக்கெல்லாம் முந்தி இருந்து இந்த டீம பாக்கிற ஆள். இயன் ரைட் 1991ல க்ரிஸ்டல் பெலஸ்ல இருந்து வரக்க வயசு 27. சரியா யோக்கரெஸ்ட வயசு. சின்ன லீக்ல இருந்து பிந்தி மேல வந்த மனிசன், அதால பசி இருந்தது. 185 கோல் அடிச்சிட்டுத்தான் போனவர், ஹென்றி வந்து தாண்டும் வரைக்கும் அதுதான் கிளப் சாதனை. ஒபமேயாங் 2018ல வரக்க 28, அடுத்த சீசனே 22 கோல் அடிச்சு கோல்டன் பூட்ட பங்கு போட்டான். வயசப் பாத்து பயப்பிடாதீங்க.

யோக்கரெஸ் இங்கிலாந்த தெரியாத ஆளுமில்ல. பிரைட்டன்ல இடம் கிடைக்காம கொவென்ட்ரிக்கு போய் 2022-23ல இரண்டாம் டிவிஷன்ல 21 கோல் அடிச்சவன், வெம்ப்ளில பிளேஓஃப் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் லூட்டனுக்கிட்ட பெனால்டில தோத்தாங்க. அந்த முரட்டு டிஃபெண்டர்மாரோட முட்டி மோதிப் பழகினவன். இப்ப எங்கட டீம்ல பின்னுக்கு நிக்கிறவன தோளால தள்ளிட்டு ஓடுற ஆள் ஒருத்தனும் இல்ல, எல்லாரும் கால்ல பந்து கேக்கிற ஆக்கள்.

அக்கரைப்பத்து_காக்கா:
எல்லாரும் ஸ்ட்ரைக்கர் ஸ்ட்ரைக்கர் எண்டு கத்துறீங்க, பந்து யார் குடுக்கிற எண்டு ஒருத்தரும் செல்றீங்க இல்ல. 2024 நவம்பர்ல லிஸ்பன்ல நாம ஸ்போர்ட்டிங்க 5-1 அடிச்சமே, அண்டைக்கு யோக்கரெஸ் என்ன செஞ்சான்? எங்கட டிஃபெண்டர்மார் கப்ரியேலும் சலிபாவும் அவனக் கட்டி வெச்சாங்க, கப்ரியேல் கோல் அடிச்சிட்டு அவன்ட முகமூடி செலப்ரேஷனையே செஞ்சு காட்டினான். அந்த மெச்ல அவனுக்கு பந்து வரல்ல, பந்து வராட்டி 39 கோல் அடிச்சவனும் சும்மாதான் நிப்பான்.

இப்ப எங்கட டீமப் பாருங்க. எவர்டன் டிசம்பர்ல வந்து பத்துப் பேரையும் பெட்டிக்குள்ள நிப்பாட்டி 0-0 எடுத்திட்டுப் போனாங்க, வெஸ்ட் ஹாம் பெப்ரவரில வந்து 1-0 வெண்டே போனாங்க. சாகா இல்லாத மூணு மாசமும் வலப் பக்கம் செத்துக் கிடந்த, இடப் பக்கத்துல மார்டினெல்லியும் ட்ரோசார்டும் லீக்ல ஆளுக்கு 8 கோல். எனக்கு முதல்ல வேணும் இடப் பக்கத்துல ரெண்டு பேரத் தாண்டிப் போற ஒரு விங்கர். நீக்கோ வில்லியம்ஸ், ரொட்ரிகோ அந்த மாதிரி ஆள். எங்கட பக்கம் டோர்னமெண்ட் வந்தா வெளியூர்ல இருந்து காசி குடுத்து ஒரு ஸ்ட்ரைக்கர இறக்குவாங்களே, நடுவுல பந்து எடுத்துக் குடுக்க ஆள் இல்லாட்டி அவன் தொண்ணூறு நிமிசமும் இடுப்புல கையக் குத்திட்டு நிக்கிறத நீங்க எல்லாரும் பாத்திரிக்கீங்க.

கல்லடி_கன்னர்:
காக்கா லிஸ்பன் மெச்ச மட்டும் எடுத்து சொன்னா சரிவராது, அதுக்கு மூணு கிழமைக்கு முந்தி நவம்பர் 5 அதே ஸ்போர்ட்டிங் மென்செஸ்டர் சிட்டிய 4-1 அடிச்சது, யோக்கரெஸ் ஹெட்ரிக். லிஸ்பன்ல எங்களோட ஆடக்க ஸ்போர்ட்டிங் கோச் அமோரிம் மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு போயாச்சு, கோச் மாறி டீமே குழம்பிக் கிடந்த நேரம்.

சான்ஸ் வரல்ல எண்டும் சொல்லாதீங்க. ஜனவரில எஃப்ஏ கப்ல யுனைடெட் பத்துப் பேரோட நிக்க ஒடேகார்ட் பெனால்டிய விட்டான், மறுகா ஷூட்அவுட்ல ஹவெர்ட்ஸும் விட்டான், வெளிய வந்தம். அதே கிழம நியூகாசிலோட கரபாவ் கப் செமில ஹவெர்ட்ஸ் கோலுக்கு முன்னால நிண்டு தலையால வெளிய அனுப்பினான், அங்கால ஐசாக் கிடைச்சத கோலாக்கினான். சம்பியன்ஸ் லீக் செமில பாரிஸ் மெச்ச நீங்களும் இரவு பன்னிரண்டரைக்கு முழிச்சிருந்து பாத்திருப்பீங்கதானே. முதல் இருபது நிமிசமும் பிஎஸ்ஜிய அவங்கட கிரவுண்ட்லயே அமத்தி வெச்சம், மார்டினெல்லிக்கு கிடைச்சது, ஒடேகார்ட் அடிச்சான், அவங்கட கோலி டொனரும்மா ரெண்டையும் எடுத்தான். அண்டைக்கும் நடுவுல ஸ்ட்ரைக்கரா நிண்டது மெரினோ. அதுக்குள்ள அவங்க ஒண்டு அடிச்சாங்க, கத முடிஞ்சது. அந்த இருபது நிமிசத்துல உண்மையான ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் நிண்டிருந்தா நாம ஃபைனல் ஆடியிருப்பம், எனக்கு இண்டைக்கும் அத நினைச்சா நித்திர வாறல்ல.

அக்கரைப்பத்து_காக்கா:
டொனரும்மா எடுத்த ரெண்டுமே நல்ல அடி மனே, யோக்கரெஸ் அடிச்சிருந்தாலும் அவன் எடுத்திருப்பான். அத வெச்சு 70 மில்லியன் செலவழிக்க ஏலாது.

செங்கலடி_ரெட்:
நான் லிவர்பூல் ஆள், எண்டாலும் இதுல எனக்கும் சொல்ல இருக்கு. பென்ஃபிகால 26 லீக் கோல் அடிச்ச நுனெஸ 2022ல நாங்க 64 மில்லியன் பவுண் குடுத்து எடுத்தம், கூடுதல் எல்லாம் சேந்தா 85. முதல் சீசன் லீக்ல 9 கோல். நல்ல மனசுள்ள பொடியன், உயிரக் குடுத்து ஓடுவான், ஆனா கோலுக்கு முன்னால கால் நடுங்கும். அவனுக்காக நான் எத்தின பேரோட சண்ட பிடிச்சிருக்கன் தெரியுமா. போர்த்துக்கல்ல அங்க கிடைக்கிற இடம் இங்க கிடைக்காது, அதுதான் விசயம். போன கோடைல நாங்க வாங்கி இறக்கினது கியேசா ஒருத்தன்தான், அவனும் பெருசா ஆடல்ல. புது கோச் ஸ்லொட் இருந்த டீமையே ஒழுங்குபடுத்தினார், சலா 29 கோல் 18 அசிஸ்ட், கப் வந்தது. உங்கட பிரச்சின ஆளில இல்ல, ஆட்டத்தில. உங்கட கோச் அர்டேட்டா கொஞ்சம் கட்ட அவுத்து விடணும்.

களுவாஞ்சி_ரசிகை:
நுனெஸ் கதைய அனுபவிச்ச ஆளே சொல்லிட்டார், பாருங்க. எங்களுக்கே பெப்பே இருக்கான், 2019ல லீல்ல 22 லீக் கோல் அடிச்சான் எண்டு 72 மில்லியன் குடுத்தம், அதுலயும் பெனால்டி நிறைய. ஒரு சீசன்ட கணக்கப் பாத்து வாங்கி அழுதது போதும்.

வெபர்_கலரி:
யோக்கரெஸுக்கு ஒரு சீசன் இல்ல பிள்ள. அதுக்கு முந்தின சீசன் லீக்ல 29, அதுக்கு முந்தி கொவென்ட்ரில 21. மூணு வருஷம் ஏறுமுகமாத்தான் வாறான். நுனெஸ் அப்பிடி இல்ல, பெப்பே விங்கர். செங்கலடித் தம்பி, போர்த்துக்கல்ல இருந்து வந்து நிண்டு காட்டின ஆள் உங்கட டீம்லயே இருக்கான், லூயிஸ் டியாஸ். புரூனோ பெர்னாண்டஸ் 2020ல அதே ஸ்போர்ட்டிங்ல இருந்து வந்தவன்தான்.

களுவாஞ்சி_ரசிகை:
அவங்க ரெண்டு பேரும் ஸ்ட்ரைக்கர் இல்லயே அண்ணன். எனக்கு இன்னொரு கேள்வி, யோக்கரெஸ் சாகாவோடயும் ஒடேகார்டோடயும் சேந்து சின்னச் சின்ன பாஸ் போட்டு ஆடுவானா? அவனுக்குத் தேவை முன்னுக்கு வெளி. எங்களுக்கெதிரா ஆர் வெளி விடுறாங்க? பூட்டின பெட்டிக்குள்ள குறோஸுக்கு தலை குடுக்கிறதெண்டா ஷெஷ்கோதான். ஜோவர் கோச் பண்ற கோர்னர்ல கப்ரியேலோட அவனும் ஏறி நிண்டா எந்த டீம் தாங்கும்?

கல்லடி_கன்னர்:
இது நியாயமான கேள்வி. ஆனா பெட்டிய பூட்டுற டீமுக்கு எதிரா மட்டுமா ஆடப் போறம்? இந்த மாசம் வந்த மெச் அட்டவணைய பாருங்க. ஓகஸ்ட் 17 ஓல்ட் டிரஃபர்ட், மறுகா லீட்ஸ், ஓகஸ்ட் 31 அன்ஃபீல்ட், ஃபொரஸ்ட், சிட்டி, நியூகாசில். முதல் ஆறு மெச்ல நாலு இப்பிடி. அதுல பாதி டீம் எங்களுக்கு மேல ஏறி வந்து ஆடும், பின்னுக்கு வெளி கிடைக்கும். அந்த ஆறு மெச்ல வளர்ற பொடியன நம்பி இறங்கி எட்டு புள்ளி விட்டா, ஒக்டோபர்லயே கப் கதைய விட்டுட்டு நாலாம் இடத்தப் பத்திக் கதைப்பம்.

அக்கரைப்பத்து_காக்கா:
காசி எங்க இரிக்கி? பார்ட்டேக்கு ஒப்பந்தம் முடியுது, ஜோர்ஜீனோ போயிட்டான், நடுவுக்கு சுபிமெண்டி கட்டாயம் வேணும், அதுக்கே அறுபது மில்லியன் கதை. கப்ரியேல் ஏப்ரல்ல விழுந்தவுடன கிவியோர் ஆடினான், நல்லாத்தான் ஆடினான், எண்டாலும் பின்னுக்கும் ஒரு ஆள் தேவை. ஸ்போர்ட்டிங் தலைவர் வெளிப்படையாவே செல்லிட்டார் 60 மில்லியனும் கூடுதலா 10ம் குடுத்தா யோக்கரெஸ விடமாட்டன் எண்டு. ஒப்பந்தத்துல போட்டிரிக்கிற விடுவிப்பு விலை 100 மில்லியன் யூரோ. ஐசாக் 23 லீக் கோல் அடிச்சவன், நியூகாசில் சம்பியன்ஸ் லீக் ஆடப் போற டீம், என்னத்துக்கு விப்பாங்க? வாட்கின்ஸ ஜனவரில கேட்டு வில்லா இல்ல எண்டுட்டாங்க. ஒருத்தனுக்கு எல்லாத்தையும் கொட்டிட்டா விங்ல திரும்பவும் மார்டினெல்லிதான், நீங்க கத்துற கோல் எங்க இருந்து வரும்?

வெபர்_கலரி:
எங்கட டீமுக்கு ஆள் வாங்கிற பொறுப்பு பெர்டாட, அவர் அத்லெடிகோ மட்ரிட்ல இருந்து வந்தவர், காசு விசயத்துல சும்மா தலையாட்டமாட்டார். யோக்கரெஸுக்கு வேற பெரிய வாசல் கம்மி. அமோரிம் கூப்பிட்டாலும் யுனைடெட் 15ம் இடம், யூரோப்பா ஃபைனலையும் டொட்டன்ஹாமுக்கிட்ட குடுத்திட்டு எந்த ஐரோப்பா மெச்சும் இல்லாம நிக்குது. 27 வயசுக்காரன் சம்பியன்ஸ் லீக்க விட்டுட்டு அங்க போகமாட்டான். அதால அவசரப்படாம 60 சொச்சத்துல நிண்டு பிடிச்சா ஸ்போர்ட்டிங் இறங்கும்.

கல்லடி_கன்னர்:
நிண்டு பிடிக்கலாம் அண்ணன், ஓகஸ்ட் கடைசி வரைக்கும் இழுக்கக் கூடாது. ஜூலை 23 சிங்கப்பூர்ல மிலானோட, 27 நியூகாசிலோட, 31 ஹொங்கொங்ல டொட்டன்ஹாமோட ஆடுறம், எங்களுக்கு பின்னேரமே பாக்கலாம். ஆள் அந்த டூருக்கு முதல் வந்து சேரணும், ஒடேகார்ட் எப்ப பந்த விடுவான் எண்டு பழக அதுதான் நேரம். பத்து மில்லியன் கூடப் போனாலும் போகட்டும்.

களுவாஞ்சி_ரசிகை:
அந்த பத்து மில்லியன ஷெஷ்கோட விலையில சேத்துப் பாருங்க அண்ணன், வித்தியாசம் பெருசா இல்ல. யாருக்குக் குடுக்கிறதெண்டாலும் நான் 22 வயசுக்குத்தான் குடுப்பன், இதுல நான் மாற மாட்டன்.

அக்கரைப்பத்து_காக்கா:
ரெண்டு பேரும் அடிபடுங்க. எங்கட பொடியன் நுவானேரிக்கு 18 வயசு, அவன்ட ஒப்பந்தம் 2026 வரைக்கும்தான் இரிக்கி, முதல்ல அதுல கையெழுத்து வாங்கச் செல்லுங்க. விங்கருக்கு நான் இன்னும் காத்திட்டுத்தான் இரிக்கன்.