பெரியப்பாவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகு

வெள்ளவத்தை பெரியம்மா: இவருக்கு இரவோடு காய்ச்சல் விட்டுவிட்டது. இருமலும் அசதியும் மட்டும் இருக்கிறது. கொவிட் தொடங்கி இன்றைக்கு ஆறாம் நாள். இனிப் பயமில்லைத்தானே?

தெஹிவளை சித்தி: அப்பாடா! பிள்ளையாரே. கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள் அக்கா.

கொட்டாஞ்சேனை மாமா: எனக்குத் தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) தந்த ஸ்டெரொயிட் குளிசை மிச்சம் இருக்கிறது. அத்தானுக்குக் கொண்டு வரவா? கொவிட்டுக்கு அதுதானே நல்ல மருந்து என்று அப்போது செய்தியில் சொன்னார்கள்.

டொக்டர் அக்கா: மாமா, தயவுசெய்து வேண்டாம். செய்தி சரிதான், ஆனால் எல்லாருக்கும் இல்லை. 2020 ஜூனில் ஒக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் மட்டும் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. பெரியப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது, ஸ்டெரொயிட் சீனியை ஏற்றிவிடும்.

கொட்டாஞ்சேனை மாமா: சரி பிள்ளை, கொண்டு வரவில்லை. அன்டிபயோட்டிக்?

டொக்டர் அக்கா: வைரஸுக்கு அது வேலை செய்யாது மாமா. பெரியம்மா, காய்ச்சல் விட்டதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இது மூக்கு, தொண்டையோடு முடிந்துவிடும். சிலருக்கு வைரஸ் நுரையீரலுக்கு இறங்கி, முதல் வாரம் முடியும் நேரத்தில் உடலின் எதிர்ப்பே அளவு மீறிப் போய், காற்றுப் பைகளில் நீர் கட்டும். மூச்சுத் திணறல் வந்தால் அநேகமாக 5ஆம் நாளுக்கும் 8ஆம் நாளுக்கும் இடையில்தான் தொடங்கும். வயதும் சீனியும் இருப்பவர்களை இந்த நாட்களில்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வெள்ளவத்தை பெரியம்மா: மூச்சு முட்டவில்லை பிள்ளை. நன்றாகக் கதைக்கிறார்.

டொக்டர் அக்கா: அதைத்தான் நான் நம்பப் பயப்படுகிறேன். ஒட்சிசன் குறைந்தாலும் கரியமில வாயு வெளியே போய்க்கொண்டிருந்தால் சிலருக்கு மூச்சு முட்டுவது தெரியாது. சாதாரணமாகக் கதைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கே அளவு மிகவும் இறங்கியிருந்தது. இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் ஒக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை பெரியம்மா: 93 காட்டுகிறது!!

டொக்டர் அக்கா: பதற வேண்டாம். கை குளிர்ந்திருக்கிறதா? தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் இருக்கவிட்டு, இலக்கம் ஒரே இடத்தில் நிற்கும்வரை பாருங்கள்.

வெள்ளவத்தை பெரியம்மா: ஓம், ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார். இப்போது 96.

டொக்டர் அக்கா: நல்லது. அறைக்குள் நாற்பது காலடி நடக்கவிட்டுத் திரும்பப் பாருங்கள். 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால் உடனே எனக்கு எடுங்கள்.

வெள்ளவத்தை பெரியம்மா: 95.

டொக்டர் அக்கா: சரி. இனிக் காலை, மதியம், இரவு எழுதி வையுங்கள். 95உம் அதற்கு மேலும் என்றால் பரவாயில்லை. 93, 94 என்று நின்றால் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். 92க்கோ அதற்குக் கீழோ வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். இலக்கம் நன்றாக இருந்தாலும் ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், உதடு நீலமானால், ஆள் தடுமாறிக் கதைத்தால் அப்போதும் 1990தான்.

தெஹிவளை சித்தி: பிள்ளை, எங்கள் லேனில் இரண்டு வீட்டில் டெங்கு. அத்தானுக்கு அதுவும் இருக்குமோ?

டொக்டர் அக்கா: நல்ல கேள்வி சித்தி. கொவிட் வந்துவிட்டது என்பதால் டெங்கு இல்லை என்று ஆகாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் ஆபத்தான நேரம். தம்பி, இன்றைக்கே பெரியப்பாவின் இரத்தத்தைக் கொடுத்து, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கச் சொல். வயிற்று நோவு, வாந்தி, பல் முரசில் இரத்தம் இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை நிற்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. நோவுக்கு பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். புரூஃபென், டைக்ளோஃபெனக் கூடவே கூடாது.

தம்பி: ஓம் அக்கா. லேப் ஆளை வீட்டுக்கே வரச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை பெரியம்மா: பனடோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரண்டு கொடுக்கிறேன். சரிதானே?

டொக்டர் அக்கா: ஓம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போக வேண்டாம். நீங்களும் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

கொட்டாஞ்சேனை மாமா: நான் பின்னேரம் சாப்பாடு கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன் அக்கா.