பூட்டிய திரையில் மடல் எட்டிப் பார்க்கிறது, என்ன செய்ய?

ஹட்டன்காரி: வீட்டில் ஒரே கணினி, விண்டோஸ் 11. அம்மா, தம்பி, நான் மூவருக்கும் ஒரே கணக்கு. போன வாரம் கொழும்பில் நேர்முகத்தேர்வுக்கு வரச்சொல்லி எனக்கு மின்மடல் வந்தது. அது பூட்டிய திரையிலேயே தெரிய, தேத்தண்ணியோடு வந்த அம்மா படித்துவிட்டார். வீட்டுக்குச் சொல்ல நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்! இதை எப்படி மறைப்பது?

பண்டாரவளைத் தம்பி: அக்கா, செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போங்க. மேலே இருக்கிற நோட்டிஃபிகேஷன்ஸ் வரியின் ஓரத்து அம்புக்குறியை அழுத்தினால் விரியும். அதில் லாக் ஸ்கிரீனில், அதாவது பூட்டிய திரையில், அறிவிப்பு காட்டும் பெட்டியில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்க. அடுத்தது நினைவூட்டல், இணைய அழைப்புகளுக்கானது, அதையும்தான். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாமென்றால், கீழே மடல் செயலியை மட்டும் திறந்து உள்ளடக்கத்தை மறைக்கலாம்.

நானுஓயா: அதைவிட ஆளுக்கொரு கணக்கு போடுங்கள். இந்த அமைப்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. ஒரே கணக்கென்றால் திரையைத் திறந்ததும் மடலும் திறந்துதானே கிடக்கும்? எழும்பிப் போகும்போது விண்டோஸ் விசையோடு எல் (L) அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். லாக் ஸ்கிரீனில் நாட்காட்டி தெரிந்தால், செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன் போய் அதை நிறுத்துங்கள்.

ஹட்டன்காரி: தம்பி சொன்னது வேலை செய்தது. தனிக்கணக்கும் போட்டாச்சு. கடவுச்சொல் எதற்கென்று அம்மா கேட்கிறார், அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.