டாக்ஸோரூபிசின் சேர்த்ததும் லிப்பிட் உச்சம் இரண்டாகப் பிரிகிறது: உதவி தேவை

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசின் லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) சவ்வின் அடுக்கமைப்பை எப்படிக் குலைக்கிறது என்பதுதான் தலைப்பு. என் அத்தைக்கு ஏற்றிய அதே சிவப்பு மருந்து. இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் இந்த வேலையை விட மனமில்லை.

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். டிபிபிசி என்ற லிப்பிட் மட்டும் இருந்தால், சூடாக்கும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில், அது உருகும் 41 டிகிரியில் கூரான உச்சம் வருகிறது, மருந்து சேர்த்தாலும் பெரிதாக நகரவில்லை. ஆனால் எதிர்மின்னூட்ட லிப்பிடான டிபிபிஜி 10 சதவீதம் கலந்த பல்லடுக்குக் குமிழ்களில் மருந்து சேர்த்தால் 38 டிகிரி அருகே ஒரு தோள் (முக்கிய உச்சத்தின் ஓரத்தில் சிறு புடைப்பு) முளைக்கிறது. இரண்டு லிப்பிடும் ஏறத்தாழ 41இல்தான் உருகும், ஆகவே மருந்து இல்லாமல் தோள் இல்லை. சிக்கல் என்னவென்றால், அதே மாதிரியை மறுபடி சூடாக்கினால் தோள் ஒருநாள் பெரிதாகிறது, ஒருநாள் மறைகிறது.

பாஸ்பேட் தாங்கலில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) மருந்து திரளும் என்பதால் ஹெப்பிஸ் என்ற வேறு தாங்கலுக்கு, பிஎச் 7.4க்கு மாறினேன். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் நீரேற்றம், அப்புறம் பத்து முறை உறைய வைத்து உருக்கல், புது லிப்பிட் என எல்லாம் பார்த்துவிட்டேன். சூடாக்கும் வேகம் நிமிடத்துக்கு 1 டிகிரி. சவ்வுக்குள் புகுந்து ஒளிரும் டிபிஎச் என்ற மூலக்கூறின் ஒளிர்வில் சரிபார்க்கலாமென்றால், அதன் ஒளியை மருந்தே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தத் தோள், நேர்மின்னூட்ட மருந்து டிபிபிஜியைத் தன் பக்கம் திரட்டுவதால் வருகிறதா, மருந்து எல்லா அடுக்குகளுக்கும் சமமாகப் போய்ச் சேராததால் வருகிறதா என்று பிரித்தறிய எந்தச் சோதனை செய்யலாம்?