பெர்கனில் ஒரு பகல்

போன ஜூனில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நார்வே கப்பல் பயணம் போனேன். பெர்கனில் காலை எட்டு மணிக்கு இறங்கினோம், மாலை நாலரைக்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. பேருந்தில் ஏறி இறங்கி ஊர் முழுக்கச் சுற்றுவது நடக்காது. அதனால் ப்ரிக்கன் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம் என்று கோட்டையை ஒட்டி மெல்ல நடந்தோம்.

படகுத்துறையைப் பார்த்து நிற்கும் அந்தச் சிவப்பு, மஞ்சள் மரவீட்டு வரிசைதான் ப்ரிக்கன். 14ஆம் நூற்றாண்டிலிருந்து நானூறு வருஷம் ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே இருந்தார்கள். வடக்கே லோஃபோடென் தீவுகளில் காற்றிலேயே காய்ந்த காட் மீன், அதாவது உப்பே போடாத கருவாடு, இங்கே வந்து இறங்கும். பதிலுக்குத் தானியம் வடக்கே போகும்.

நிறைய பேர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து சந்துக்குள் போங்கள். தரையும் பலகை, சுவரும் பலகை, தாரும் ஈரமரமும் கலந்த வாசனை. ஒரு வீடு அடுத்த வீட்டின் மேல் தோள் சாய்ந்து நிற்கிறது. தீப்பிடிக்கும் என்ற பயத்தில் இந்த வீடுகளில் அடுப்பு மூட்டத் தடை. சமையலும் குளிர்காய்வதும் பின்னால் தனிக் கட்டடத்தில்தான். அப்படியிருந்தும் 1702இல் எல்லாம் எரிந்தது. பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியதைத்தான் இன்று பார்க்கிறோம்.

ஒரு மூலையில் தச்சர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். சுவரின் அடிக்கட்டையில் உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, அதே அளவுக்குப் புது மரத்தைச் செதுக்கிப் பொருத்தியிருந்தார். அம்மா நகராமல் பார்ப்பதைக் கவனித்து, கையசைத்துக் கூப்பிட்டார். இணைப்பின் மேல் அம்மா விரலை ஓட்டிப் பார்த்தார். கரும்பழுப்பும் இளமஞ்சளும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையவில்லை. நிலத்தடி நீர் இறங்கியதால்தான் அடியில் உள்ள மரங்கள் கெட்டுப்போயின என்றார் தச்சர். நீருக்குள் மூழ்கியே இருந்தால் காற்றுப் படாது, மரம் நூற்றாண்டுகள் நிற்குமாம். அதனால் நீர்மட்டத்தைத் திரும்ப உயர்த்தியிருக்கிறார்கள். எனக்கு இது புதுச் செய்தி.

ஃப்ளோயன் மலை ரயிலுக்கு வரிசை மிக நீளம், விட்டுவிட்டோம். மழை நாலு தடவை வந்து போனது. குடையைவிட மழைக்கோட்டு நல்லது.

கடைசி ஒரு மணி நேரம் பக்கத்திலிருக்கும் ப்ரிக்கன் அருங்காட்சியகத்தில். 1955இல் வரிசையின் ஒரு பகுதி எரிந்தபோது, அந்த இடத்தைத் தோண்டி ஆராய்ந்தார்கள். ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய மரக்குச்சிகளும் எலும்புகளுமாக 600க்கு மேல் கிடைத்தன. சரக்குச் சீட்டு, காதல், வேண்டுதல், எல்லாம் உண்டு. ஒன்றில் இப்படி இருக்கிறது: "கீடா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்."

நான் படித்துச் சொன்னதும் அம்மா, "அந்த ஆளு போனானாடீ?" என்றார். குச்சியின் மறுபக்கத்தில் அவன் ஏதோ கீறியிருக்கிறான். அதை யாராலும் படிக்க முடியவில்லை.